பிறப்பை மட்டும் கற்பிக்கும் பயிற்சி: மென்பொருள் குழுக்களும் முழு வாழ்க்கைச் சுழற்சியும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளின் வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் நடத்திச் செல்லக் குழுக்களைப் பழக்குவதாகக் கூறும் பயிற்சி முறைகள், நடைமுறையில் அச்சுழற்சியின் முற்பகுதியோடு நின்றுவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. வின்ஸ்டன் ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரை, வாட்ஸ் ஹம்ப்ரியின் குழு மென்பொருள் செயல்முறை, பீட்டர் நவுரின் 1985ஆம் ஆண்டுக் கட்டுரை ஆகிய மூன்றும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன. ஒரு குழு உருவாக்கியதை மற்றொரு குழு பெற்றுக்கொண்டு, புரிந்துகொண்டு, மாற்றி, உரிய காலத்தில் ஓய்வளிக்கும் திறன் தனியே கற்பிக்கப்பட வேண்டும் என்பதும், அதற்கேற்பப் பாட அமைப்பு எவ்வாறு மாறலாம் என்பதும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மென்பொருள் பொறியியல், வாழ்க்கைச் சுழற்சி, குழுப் பயிற்சி, பராமரிப்பு, கையளிப்பு, எழுத்துருக் குறியேற்றம்.

முன்னுரை

மென்பொருள் பொறியியல் என்னும் பெயர் பரவலான வழக்கிற்கு வரக் காரணமாக அமைந்தது, 1968ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு நடத்திய கருத்தரங்கு ஆகும். பெரிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை, குறித்த செலவில் அடங்குவதில்லை, எதிர்பார்த்த தரத்தில் அமைவதில்லை என்ற கவலையே அங்குக் கூடியோரை இணைத்தது. அக்கவலைக்கு விடையாக எழுந்த கருத்தாக்கங்களுள் ஒன்றே வாழ்க்கைச் சுழற்சி. தேவை அறிதல் தொடங்கி, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, இயக்கம், பராமரிப்பு எனத் தொடர்ந்து, ஓய்வளித்தலில் முடியும் ஒரு முழுமையை இச்சொல் குறிக்கிறது.

'வாழ்க்கை' என்ற சொல் பிறப்பை மட்டும் குறிப்பதன்று. வளர்ச்சியும் நோயும் முதுமையும் இறப்பும் அதனுள் அடங்கும். ஆயினும், கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் நடைபெறும் குழுப் பயிற்சிகளைக் கூர்ந்து நோக்கினால், அவை மென்பொருளைப் பிறப்பித்து வாடிக்கையாளர் கையில் ஒப்படைப்பதையே முடிவாகக் கொண்டிருப்பதைக் காணமுடிகிறது. இக்குறை எங்கிருந்து வந்தது, அதனால் விளைவது யாது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ராய்ஸின் வரைபடமும் பாடநூல் மரபும்

விண்கலத் திட்டங்களுக்கான மென்பொருள்களில் தாம் பெற்ற பட்டறிவைக் கொண்டு வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். மென்பொருள் தேவைகள், பகுப்பாய்வு, நிரல் வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, இயக்கம் என்னும் படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் வரைபடம் அக்கட்டுரையில் இடம்பெற்றுள்ளது. 'அருவி மாதிரி' எனப் பின்வந்தோர் பெயரிட்டுப் பாடநூல்களில் பதித்தது இவ்வரைபடத்தையே. ராய்ஸ் அச்சொல்லை ஆளவில்லை. அவ்வாறு படிப்படியாக இறங்கிச் செல்வது இடர் மிக்கது, தோல்வியை வரவழைப்பது என்றே அவர் அவ்விடத்தில் எச்சரித்தார். அதனைச் சீர்செய்ய ஐந்து திருத்தங்களையும் கூறினார்: நிரல் வடிவமைப்பை முற்படுத்துதல், ஆவணப்படுத்துதல், முதல் முயற்சியை ஒத்திகையாகக் கொண்டு இருமுறை செய்தல், சோதனையைத் திட்டமிட்டுக் கண்காணித்தல், வாடிக்கையாளரை இடையிடையே ஈடுபடுத்துதல்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்ட இப்பிழை பலராலும் சுட்டப்பட்டதே. ஆனால் அக்கட்டுரையின் மற்றொரு பகுதி போதிய கவனம் பெறவில்லை. நல்ல ஆவணத்தின் மெய்யான பயன் உருவாக்கத்தின்போது தெரிவதில்லை, சோதனையிலும் இயக்கத்திலும் மறுவடிவமைப்பிலுமே அது வெளிப்படும் என்கிறார் ராய்ஸ். ஆவணம் இல்லையெனில் மென்பொருளைக் கட்டியவர்களே அதனை இயக்கவும் வேண்டியிருக்கும். அவர்களுக்கோ இயக்கப் பணியில் நாட்டம் இராது என்பதையும் அவர் எடுத்துரைக்கிறார். கட்டுவோர் வேறு, பேணுவோர் வேறு என்னும் நிலையை அவர் முன்கூட்டியே கணக்கில் கொண்டிருந்தார் என்பது இதனால் புலனாகிறது. பாடநூல் மரபு 'இயக்கம்' என்பதை வரைபடத்தின் கடைசிக் கட்டமாக வரைந்து காட்டியது, அதற்குள் நுழையவில்லை.

ஹம்ப்ரியின் குழுப் பயிற்சி: நிறையும் குறையும்

குழுவைப் பழக்குதல் என்பதைத் தனியொரு துறையாகவே வளர்த்தெடுத்தவர் வாட்ஸ் ஹம்ப்ரி. ஐ.பி.எம். நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், 1986இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் இணைந்தார். நிறுவனங்களின் செயல்முறை முதிர்ச்சியை ஐந்து நிலைகளாக வகுக்கும் மாதிரிக்கு அவர் சிந்தனையே அடித்தளமாயிற்று. அம்மாதிரியின் ஐந்தாம் நிலைச் சான்றிதழைப் பெறுவது இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்கு ஏற்றுமதிச் சந்தையின் நுழைவுச் சீட்டாகவே விளங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே மென்பொருள் தர நிறுவனம் ஒன்று 2000இல் அமைந்தது. ஆகவே அவர்தம் கருத்துகள் தமிழ்நாட்டுப் பயிற்சிச் சூழலுக்குத் தொலைவானவை அல்ல.

நிறுவனத்திற்கான விதிகளை மட்டும் வகுத்தால் போதாது, தனியாளும் குழுவும் பழக வேண்டும் என்பதை ஹம்ப்ரி பின்னர் வலியுறுத்தினார். 1995இல் வெளிவந்த நூலில் தனியாள் செயல்முறையை விளக்கினார். பயிலுபவர் பத்து நிரல்களை எழுதுவார். ஒவ்வொன்றிலும் செலவிட்ட நேரத்தையும் நேர்ந்த பிழைகளையும் தாமே குறித்துவருவார். அக்குறிப்புகளைக் கொண்டு அடுத்த நிரலின் அளவையும் காலத்தையும் மதிப்பிடுவார். இதன் மேல் எழுந்ததே குழு மென்பொருள் செயல்முறை. திட்டத்தின் தொடக்கத்திலேயே குழுவினர் சில நாள்கள் ஒன்றுகூடி, இலக்குகளையும் பொறுப்புகளையும் காலக்கணக்கையும் தாமே வகுத்துக்கொள்வர். மேலிருந்து திணிக்கப்படும் நாள்கணக்கைத் தம் தரவுகளைக் காட்டி மறுக்கும் ஆற்றல் இதனால் குழுவிற்கு வாய்க்கிறது. தனியாளின் தரவுகளை அவரை எடைபோடப் பயன்படுத்தக்கூடாது என்பதிலும் ஹம்ப்ரி உறுதியாக இருந்தார். பொறியாளரின் தன்மதிப்பைக் காக்கும் இக்கூறு அவர் பயிற்சியின் தலையாய நிறை எனலாம்.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது தரவின் நம்பகம். ஹவாய் பல்கலைக்கழகத்தில் தனியாள் செயல்முறையைப் பயின்ற 10 பேரின் 89 நிரல் திட்டங்களை ஆராய்ந்து 1998இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்கள் கையால் நிரப்பிய படிவங்களில் 1500க்கும் மேற்பட்ட தவறுகளைக் கண்டறிந்தது. தரவின் மேல் கட்டப்படும் பயிற்சிக்கு இது சிறிய சிக்கலன்று.

இரண்டாவதே இக்கட்டுரைக்கு முதன்மையானது. மாணவர்களுக்காக ஹம்ப்ரி எழுதிய குழுச் செயல்முறைப் பாடநூலில் சுழற்சி, தொடக்கம், உத்தி, திட்டம், தேவைகள், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை எனச் சென்று, நடந்ததை மீள ஆராயும் கூட்டத்தில் நிறைவுறுகிறது. ஒரே பருவத்தில் இரண்டு மூன்று சுழற்சிகள் நடப்பதால், முந்தைய பதிப்பை விரிவாக்கும் பழக்கம் மாணவர்க்குக் கிடைக்கிறது என்பது உண்மையே. ஆயினும் விரிவாக்குவது அதனை எழுதிய அதே குழு. பிறர் எழுதியதைப் பெற்றுக்கொள்ளும் கட்டம் அங்கு இல்லை. பருவம் முடிந்ததும் மென்பொருளும் முடிந்துவிடுகிறது.

இம்முறையின் வெற்றிக்குச் சான்றாக அந்நிறுவனமே 2003இல் வெளியிட்ட அறிக்கை 13 நிறுவனங்களின் 20 திட்டங்களை எடுத்துக்காட்டுகிறது. ஒப்படைக்கப்பட்ட நிரலில் ஆயிரம் வரிக்குச் சராசரி 0.06 பிழை என்னும் அளவு வியக்கத்தக்கது. எனினும், முறையை வகுத்தோரே மதிப்பீட்டையும் செய்தனர் என்பது கருதத்தக்கது. அதனினும் முக்கியமாக, ஒப்படைப்பின் தரத்தை அளக்கும் இவ்வளவுகோல், ஐந்தாண்டு கழித்து வேறொரு குழு அந்நிரலைத் திறந்து மாற்ற முடியுமா என்னும் வினாவைத் தொடுவதே இல்லை.

பராமரிப்பு என்பது பழுதுபார்த்தல் அன்று

பயிற்சிகள் பிற்பகுதியைப் புறக்கணிப்பதற்கு ஒரு தவறான புரிதலும் காரணம். பிழையற்ற மென்பொருளுக்குப் பராமரிப்புத் தேவைப்படாது என்ற எண்ணமே அது. லீன்ட்ஸ், சுவான்சன் ஆகியோர் 487 நிறுவனங்களில் நடத்தி 1980இல் நூலாக வெளியிட்ட கணக்கெடுப்பு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. பராமரிப்பு உழைப்பில் பிழை திருத்தத்தின் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டியே இருந்தது. பெரும்பகுதி, பயனர் வேண்டும் புதிய வசதிகளுக்கும் மாறிய சூழலுக்கும் ஏற்ப மென்பொருளை மாற்றுவதில் சென்றது. உலகில் பயன்பாட்டில் உள்ள நிரல் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாறுந்தோறும், தனியே உழைத்துத் தடுத்தாலன்றி, அதன் சிக்கல் பெருகும் என்னும் லேமனின் விதிகளும் இதனையே வேறுவகையில் உணர்த்துகின்றன. ஆகவே, பிழையைக் குறைக்கப் பழக்கும் பயிற்சி எத்துணைச் சிறந்ததாயினும் வாழ்க்கையின் ஒரு கூற்றுக்கே விடை தருகிறது.

நவுர் எழுப்பிய வினா

கார்மிஷ் கருத்தரங்கின் அறிக்கையைப் பிரையன் ராண்டலுடன் இணைந்து பதிப்பித்தவர் டென்மார்க் அறிஞர் பீட்டர் நவுர். அவரே 1985இல், நிரலாக்கம் என்பது கோட்பாடு கட்டுதல் என்னும் கருத்தை முன்வைத்தார். நிரல் வரிகளும் ஆவணங்களும் நிரலாக்கத்தின் துணை விளைவுகளே. மெய்யான விளைவு, எழுதியவர் உள்ளத்தில் உருவாகும் புரிதல். உலகின் எக்கூறு நிரலின் எப்பகுதியோடு பொருந்துகிறது, ஏன் இவ்வாறு அமைந்தது, புதிய தேவை வந்தால் எங்கே கைவைப்பது என்பனவற்றை விளக்க வல்ல அறிவே அக்கோட்பாடு.

இதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு குழுப் பயிற்சிக்கு நேரே பொருந்துவது. ஒரு குழு எழுதிய மொழிமாற்றி நிரலை மற்றொரு குழு விரிவாக்க முற்பட்டது. முழு ஆவணமும் முதற் குழுவின் அறிவுரையும் அதற்குக் கிடைத்தன. அவ்வாறிருந்தும், நிரலின் அமைப்பிலேயே இருந்த வாய்ப்புகளைப் பயன்படுத்தாமல், அதன் எளிமையைக் குலைக்கும் ஒட்டுகளையே இரண்டாம் குழு பரிந்துரைத்தது. முதற் குழுவினர் அதனை உடனே கண்டுகொண்டு எளிய தீர்வுகளைக் காட்டினர். அவர்கள் விலகிச் சில ஆண்டுகள் சென்றபின், அந்நிரலின் மூல அமைப்பு ஒட்டுகளுக்கிடையே பயனிழந்து கிடந்தது. குழு கலைந்தால் நிரல் இறக்கிறது, ஆவணங்களைக் கொண்டு மட்டும் அதனை உயிர்ப்பிக்க இயலாது என்று நவுர் முடிவு கூறினார்.

நூலைக் காட்டிலும் உரை கேட்டலைச் சிறப்பித்த தமிழ்ப் புலமை மரபுக்கு இக்கருத்து புதிதன்று. இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட உரை, ஆசிரியர்–மாணாக்கர் தொடரில் முசிறி நீலகண்டனார் வரை சொல்லி வந்த வரலாற்றை அவ்வுரையே கூறுகிறது. நூற்பாக்கள் கையில் இருந்தாலும், அவற்றை அறிந்தாரிடம் கேட்டல் தேவைப்பட்டது. மென்பொருள் குழுவின் கையளிப்பும் இத்தகையதே: கோப்புகளை மாற்றித்தருவதோடு அது முடிவதில்லை.

ஏரியன் 5 தரும் பாடம்

நவுரின் கருத்து வெறும் மெய்யியல் அன்று என்பதற்கு 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் நிகழ்ந்த ஏரியன் 5 விபத்து சான்று. பறப்பு தொடங்கிய ஏறத்தாழ 40 விநாடிகளில் அவ்வேவுகலம் சிதறியது. முந்தைய ஏரியன் 4இல் செவ்வனே இயங்கிய திசையறி அமைப்பின் நிரல் அப்படியே புதிய கலத்திற்கு எடுத்தாளப்பட்டிருந்தது. புதிய கலத்தின் கிடைத்திசை வேகம் மிகுதி. அதனைச் சார்ந்த 64 இரும எண் மதிப்பை 16 இரும முழுவெண்ணாக மாற்றுகையில் அது கொள்ளளவை மீறியது. ஏழு மாறிகளுள் நான்கிற்கு மட்டுமே காப்பு அளிக்கப்பட்டிருந்தது; எஞ்சிய மூன்றும் வரம்பு மீறா என முன்பு முடிவு செய்யப்பட்டிருந்தது. மேலும், பிழைக்கு வித்திட்ட செயற்பாடு ஏரியன் 5 தரையிலிருந்து எழுந்தபின் அதற்குத் தேவையே இல்லாதது.

விசாரணைக் குழு கண்டவற்றுள் ஒன்று இங்குக் கருதத்தக்கது. மூன்று மாறிகளைக் காப்பின்றி விட்டதற்கான காரணம் மூலநிரலில் குறிக்கப்படவில்லை. ஏராளமான ஆவணங்களின் நடுவே அம்முடிவு வெளியாரின் மதிப்பாய்வுக்கு எட்டாமல் மறைந்துபோனது. ஆவணம் இல்லாமை இங்குக் காரணமன்று. 'என்ன' என்பது எழுதப்பட்டு 'ஏன்' என்பது கைமாறாமையே காரணம். நிரலை எழுதியோர் திறமற்றவர் அல்லர். பிறர் நிரலைப் பெறும் குழு எவ்வினாக்களைக் கேட்க வேண்டும் என்பதே பயிற்சியில் இடம்பெறாத பாடம்.

நவுரின் கருத்துக்கு எல்லை

எனினும் நவுரின் முடிவை முழுமையாக ஏற்பதிலும் இடர் உண்டு. கோட்பாட்டை எழுத்தில் கடத்தவே இயலாது எனின், பயிற்சிக்கே இடமில்லாமற் போகும். டொனால்டு குனூத்தின் அச்சுக்கோப்பு மென்பொருளாகிய டெக் இதற்கு எதிர்ச்சான்று. நிரலையும் அதன் விளக்கவுரையையும் ஒன்றாகப் பிணைத்து, மனிதர் படிப்பதற்கான நூலாகவே நிரலை எழுதும் முறையை அவர் 1984இல் விளக்கினார். டெக்கின் முழு நிரலும் அவ்வடிவில் 1986இல் நூலாக வந்தது. தாம் செய்த பிழைகளின் பட்டியலையும் 1989இல் வெளியிட்டார். புதிய வசதிகள் இனிச் சேர்க்கப்படா என 1990இல் அறிவித்தார்; தம் மறைவுக்குப்பின் பதிப்பு எண் பை என்றே நிலைபெறும், எஞ்சிய பிழைகள் இயல்புகளாகவே கொள்ளப்படும் என்றும் வரையறுத்தார். மென்பொருளின் முதுமையையும் முடிவையும் முன்கூட்டியே வகுத்த அரிய நிகழ்வு இது. டெக் பெரும்பாலும் ஒருவர் ஆக்கம், குழுவின் ஆக்கமன்று என்பதை ஏற்றாலும், காரணங்களை எழுதும் பழக்கம் கற்கக்கூடியது என்பதை அது மெய்ப்பிக்கிறது.

உருவாக்குவோரும் இயக்குவோரும் ஒரே குழுவாதல் வேண்டும் என்று 2009 முதல் பரவிய டெவ்ஆப்ஸ் இயக்கமும் இயக்கக் கட்டத்தைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. ஆயின் அதுவும் குழு நிலைத்திருக்கும் என்னும் எடுகோளையே பெரிதும் சார்ந்துள்ளது. பணியாளர் அடிக்கடி நிறுவனம் மாறும் சூழலில் அவ்வெடுகோள் நிற்பதில்லை.

ஓய்வளித்தல்: தமிழ்க் குறியேற்ற அனுபவம்

மென்பொருள் வாழ்க்கைச் சுழற்சிக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 12207, 1995இலேயே இயக்கத்தையும் பராமரிப்பையும் உருவாக்கத்திற்கு இணையான முதன்மைச் செயல்முறைகளாக வைத்தது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு ஓய்வளித்தலையும் தனிச் செயல்முறையாகக் கூறுகிறது. தரம் அறிந்ததைப் பயிற்சி அறியாதிருப்பதன் விளைவைத் தமிழாய்வாளர்கள் நேரில் கண்டுள்ளனர். ஒருங்குறி பரவும் முன்னர்த் தமிழ் மென்பொருள்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியேற்றங்களைக் கொண்டிருந்தன. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களையும், 2010இல் ஒருங்குறியையும் அதனோடு டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டெழுதப்பட்ட ஆய்வேடுகளும் சொற்பட்டியல்களும், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

இதற்கு மாறான நெறியும் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கத்தில் டிஸ்கி குறியேற்றத்தில் வழங்கிய மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியது. மென்பொருள் மாண்டாலும் தரவு வாழ வேண்டும் என்பதே ஓய்வளித்தலின் சாரம். பல்கலைக்கழகத் திட்டப்பணியாகத் தமிழ்த் தரவகமோ அகராதியோ உருவாக்கும் குழு, நிதி முடிந்த மறுநாள் அத்தரவு யாரிடம், எவ்வடிவில் இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல் இன்றியமையாதது.

பயிற்சி எவ்வாறு அமையலாம்

மேற்கூறியவற்றின் அடிப்படையில் நான்கு மாற்றங்களை முன்மொழியலாம்.

முதலாவது, பாடத்தைப் பிறர் நிரலிலிருந்து தொடங்குதல். வெற்றுத் திரையில் புதிதாக எழுதுவதற்கு முன், பயன்பாட்டில் உள்ள கட்டற்ற மென்பொருள் ஒன்றைக் குழு படித்து, அதில் சிறு மாற்றம் ஒன்றைச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பருவத்தின் நடுவில் குழுக்கள் தம் ஆக்கங்களை மாற்றிக்கொள்ளுதல். பெற்ற குழு எவ்வளவு எளிதாக அதனை விரிவாக்க முடிந்தது என்பதைப் பொறுத்து, கொடுத்த குழுவின் மதிப்பெண்ணில் ஒரு பகுதி அமைய வேண்டும். ராய்ஸ் ஆவணத்திற்குக் கூறிய பயன் அப்போதுதான் மாணவர்க்கு விளங்கும்.

மூன்றாவது, முடிவுகளின் காரணங்களைப் பதிதல். தேர்ந்த வழியோடு, கைவிட்ட வழிகளும் கைவிட்டதன் காரணமும் சில வரிகளில் நிரலோடு சேர்த்தே வைக்கப்பட வேண்டும். கையளிப்பின்போது இரு குழுக்களும் நேரில் அமர்ந்து நிரலை ஒன்றாகப் படிப்பதும் இதில் அடங்கும். நவுர் வேண்டிய உடனுறைவு அதுவே.

நான்காவது, ஓய்வளித்தலைப் பயிற்சியாகவே செய்தல். பருவ இறுதியில் மென்பொருளை நிறுத்தி, தரவை மென்பொருள் சாராத திறந்த வடிவில் வெளியே எடுத்து, மற்றொருவர் அதனைப் படிக்க முடிகிறதா எனச் சோதித்தல் வேண்டும்.

இவற்றிற்குக் காலம் போதாது என்னும் தடை எழும். ஒரு பருவத்தில் புதிய மென்பொருளை முடிப்பதே அரிது என்பது உண்மை. ஆனால் பெரிய ஒன்றைக் கட்டிக் கைவிடுவதினும், சிறிய ஒன்றைக் கட்டி, கைமாற்றி, மாற்றி, முடித்துவைப்பது முழுச் சுழற்சியைக் கற்பிக்கும். ஆக்கத்தின் அளவைக் குறைத்தால் காலம் கிடைக்கும். பணிநியமனத் தேர்வில் புதிய ஆக்கமே மதிக்கப்படுகிறது என்பது அடுத்த தடை. ஆயினும், பணியில் சேரும் இளையோர் பெரும்பாலோர் முதலில் சந்திப்பது பிறர் எழுதிய பழைய நிரலையே.

முடிவுரை

ராய்ஸ் இயக்கக் கட்டத்தை முன்னுணர்ந்தார். பாடநூல் மரபு அதனைக் கைவிட்டது. ஹம்ப்ரி குழுவைப் பழக்கும் நெறியை உருவாக்கினார். அந்நெறி ஒப்படைப்போடு நின்றது. நவுர் ஒப்படைப்பிற்குப் பின் இறப்பது எதுவெனக் காட்டினார்; அதனைக் காக்கும் பயிற்சியின் விரிவான வடிவத்தைப் பிறருக்கு விட்டுச்சென்றார். இம்மூவரின் சிந்தனைகளும் ஒரே பாடத்திட்டத்தில் சந்திக்கும்போதே 'முழு' என்னும் அடை பொருளுடையதாகும். ஹம்ப்ரியின் அளவைகளோடு, பெற்றுக்கொண்ட குழுவின் முதல் மாற்றம் எத்தனை நாளில், எத்தனை பிழைகளோடு முடிந்தது என்பதையும் ஓர் அளவையாகச் சேர்த்துக் கல்லூரிகளில் ஆராய்தல் இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.